தெரிந்தும் செய்ய முடியாத பிள்ளை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு குறித்து வந்த கடிதங்களில் மூன்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எங்கள் மகனுக்குப் பத்து வயது. அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் குழந்தைகள் மனநல மருத்துவர் நான்கு மாதங்களுக்கு முன் உறுதி செய்தார். நானும் என் கணவரும் படிப்பில் முதலிடத்தில் இருந்தவர்கள். மூத்த மகளும் அப்படித்தான். இவனோ பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு காலில் ஷூவும் மறு கையில் சாக்ஸுமாக ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருப்பான். வாயால் கேட்டால் எல்லாப் பாடத்துக்கும் பதில் சொல்கிறான், தேர்வில் கோட்டை விட்டுவிடுகிறான். வீடியோ கேமில் மட்டும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, இதெல்லாம் வெறும் பிடிவாதம் என்கிறார் கணவர். இன்னொரு சமயம், இந்தக் குறைபாடு இருந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஒலிம்பிக்கில் சாதிக்கவில்லையா, இவனும் சாதிப்பான் என்றும் அவரே சொல்கிறார். அவன் மீது நாங்கள் வைத்திருந்த ஆசைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? குறைத்துக்கொண்டால் அவனைக் கைகழுவியதாக ஆகாதா? எங்கள் வளர்ப்பில்தான் தவறா? அவனுடைய கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை இணைத்துள்ளேன்.

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கணக்குப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். முதல் ஐந்து கணக்குகளில் எண்கள் கட்டத்துக்குள் அடங்கி, விடைகளும் சரியாக உள்ளன. ஆறாவதில் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறான்; ஆனால் கூட்டியதில் பிழை இல்லை. ஏழாவதில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய 1 விடுபட்டிருக்கிறது. எட்டாவது பாதியில் நிற்கிறது. அதற்குள் எழுத்து பெரிதாகிக் கோட்டைத் தாண்டிவிட்டது. கடைசி இரண்டையும் அவன் தொடவே இல்லை, அவையோ முதல் கணக்கைவிட எளியவை. பக்கத்தின் ஓரத்தில் ஒரு விமானம், சக்கரங்கள் வரை பிசகாமல் வரையப்பட்டிருக்கிறது. அடியில் சிவப்பு மையில் 10க்கு 5 என்றும், ‘கவனம் தேவை’ என்றும் ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்குமான தொடக்கம் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கு தெரியாத பிள்ளை முதல் கணக்கிலேயே தடுமாறியிருப்பான். உங்கள் மகனுக்குக் கணக்கு தெரிகிறது. தெரிந்ததைப் பத்துக் கணக்குகள் முடியும் வரை தொடர்ந்து செய்துகொண்டிருப்பதுதான் அவனால் முடியவில்லை. இக்குறைபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி வலியுறுத்தி வருவதும் இதைத்தான்: அறிவு இருக்கிறது, அந்த அறிவைத் தேவையான நேரத்தில் தேவையான இடத்தில் செயலாக்கும் ஆற்றலில்தான் குறை இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையின் திறமையை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்வது, நிழலின் நீளத்தை வைத்து ஆளின் உயரத்தைக் கணிப்பதற்கு ஒப்பானது. ‘கவனம் தேவை’ என்று எழுதுவதாலோ சொல்வதாலோ அவனுக்குக் கவனம் வந்துவிடாது. அது தேவை என்பது அவனுக்கும் தெரியும்.

கேம் விளையாடும்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. பல பெற்றோரைக் குழப்புவதும் இதுவே. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையிடம் கவனம் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. அதைத் தன் விருப்பப்படி ஓரிடத்தில் நிறுத்தவும், வேண்டியபோது வேறிடத்துக்குத் திருப்பவும் இயலாமல் போகிறது. வீடியோ கேம் ஒவ்வொரு சில நொடிக்கும் ஒரு ஒலியையோ புள்ளியையோ புதிய காட்சியையோ கொடுத்து அந்தக் கவனத்தை வெளியிலிருந்து பிடித்து வைத்திருக்கிறது. வீட்டுப்பாடத்தின் பலனோ தேர்வு முடிவு வரும்போதுதான் தெரியும். தள்ளிக் கிடைக்கும் பெரிய பலனைவிட உடனே கிடைக்கும் சிறிய பலனின் பக்கம் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகச் சாய்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் தண்டிக்கத் தோன்றும். மூளை வேலை செய்யும் விதம் என்று எடுத்துக்கொண்டால், பாடத்திலும் பலன் உடனுக்குடன் தெரியும்படி எப்படிச் செய்யலாம் என்று யோசிக்கத் தோன்றும். இரண்டாவது வழியில்தான் பயன் இருக்கிறது.

உங்கள் வளர்ப்பில் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இரட்டைக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட பல ஆய்வுகளின்படி, இக்குறைபாட்டில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை மரபணுக்களால் விளைவது. கருவில் உள்ளபோது தாயின் புகைப்பழக்கம், குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை போன்றவற்றோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. செல்லம் கொடுத்ததாலோ கண்டிக்காததாலோ வருவதில்லை. சர்க்கரை சாப்பிடுவதால் வருகிறது என்பதும் சோதனைகளில் நிரூபணமாகவில்லை. வளர்ப்பால் இந்தக் குறைபாட்டை உண்டாக்க முடியாது என்றாலும், இதோடு வாழும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதில் வளர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. உங்கள் கவலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆசைகளுக்கு வருகிறேன். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை அதே எண்ணிக்கையிலான மற்றப் பிள்ளைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் வெளி அடுக்கான புறணியின் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றவர்களுக்கு ஏழரையாகவும் இவர்களுக்குப் பத்தரையாகவும் இருந்தது. திட்டமிடுதலுக்கும் தன்னை அடக்கிக்கொள்ளுதலுக்கும் அடிப்படையான முன்பகுதியில் இந்தத் தாமதம் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் வளர்ச்சியின் வரிசை பெரும்பாலும் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. இவை குழுவுக்கான கணக்குகள். உங்கள் மகனின் மூளை இத்தனை ஆண்டு பின்தங்கியிருக்கிறது என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் முழுமையாக எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. துறுதுறுப்பு வயதோடு குறைவதும், கவனக்குறைவு பலருக்குப் பெரியவர்களான பின்னும் தொடர்வதும்தான் நாங்கள் பொதுவாகக் காண்பது. ஆனாலும் ஒரு வழிகாட்டுதல் இங்கே கிடைக்கிறது. தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்ளும் விஷயங்களில் இப்பிள்ளைகள் தம் வயதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் பின்னால் இருப்பார்கள் என்று எண்ணி நடந்துகொள்ளுமாறு பார்க்லி பெற்றோருக்குச் சொல்வார். அந்தக் கணக்கில், புத்தகப்பையை அடுக்குவது, நேரத்துக்குக் கிளம்புவது, கோபத்தை அடக்குவது ஆகியவற்றில் உங்கள் மகனை ஏழு வயதுப் பிள்ளையாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை ஜன்னலைப் பார்த்து நின்றால் யாரும் ஆத்திரப்படுவதில்லை. அருகில் போய்த் தோளைத் தொட்டு, ‘அடுத்தது சாக்ஸ்’ என்று சொல்கிறோம். அறிவிலும் கற்பனையிலும் அவனைப் பத்து வயதுக்காரனாக, முடிந்தால் அதற்கு மேலும் நடத்துங்கள். அவன் மட்டம் இது என்று எண்ணிப் பாடத்தை எளிதாக்கிக்கொண்டே போவதும் அவனுக்குச் செய்யும் அநீதிதான்.

ஆகவே நீங்கள் குறைத்துக்கொள்ள வேண்டியது ஆசையை அல்ல என்பது என் கருத்து. எந்த வயதுக்குள், எந்த வழியில், யாருக்கு இணையாக என்று அந்த ஆசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனைகளைத்தான் கழற்றி வைக்க வேண்டும். உங்கள் மூத்த மகள் ஒரு வகுப்பை ஓராண்டில் முடித்ததும் தானே உட்கார்ந்து படித்ததும் அவளுடைய மூளைக்கு ஏற்ற வேகம். இவன் மேற்படிப்பை இரண்டாண்டு தாமதமாக முடிக்கலாம். ஒரு துறையில் சேர்ந்து, அது ஒத்துவராமல் வேறொன்றுக்கு மாறலாம். மேசை முன் எட்டு மணி நேரம் உட்காரும் வேலையைவிடக் கையும் காலும் இயங்கும் வேலையில் சிறக்கலாம். இவற்றில் எதுவும் தோல்வி இல்லை. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் தோல்வியாக நினைத்தால் அவனும் அப்படியே நம்புவான்.

இந்த இடத்தில் உங்கள் வருத்தத்தையும் மதிக்க விரும்புகிறேன். பிள்ளை பிறந்த நாள் முதல் மனத்தில் வரைந்து வைத்த ஒரு சித்திரத்தைக் கலைப்பது எளிதல்ல. அதற்காக அழுகை வந்தால் அழுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அவன் பார்க்க, அவனைக் காரணமாக்கி அழாமல் இருந்தால் போதும்.

மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு ஒன்பது வயதில் இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டதும், அவர் பின்னாளில் 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றதும், அவற்றில் 23 தங்கம் என்பதும் உண்மை. நம்பிக்கை தரும் செய்திதான். இருந்தாலும் அதை உங்கள் மகனிடம் அடிக்கடி சொல்ல வேண்டாம் என்று உங்கள் கணவரைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் பத்துக் கணக்கை முடிக்கத் திணறும் சிறுவனுக்கு, உலகச் சாதனை செய்தால்தான் இந்தக் குறைக்கு ஈடாகும் என்ற பொருள் அதில் தொனிக்கக்கூடும். ரேங்க் எடு என்பதைவிடப் பெரிய சுமை அது. இக்குறைபாடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் புகழ் பெறாதவர்கள்; ஒரு வேலையைக் கற்று, ஒரு குடும்பத்தை நடத்தி, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டு நன்றாக வாழ்பவர்கள். அந்த வாழ்க்கையை அவனுக்கு மதிப்புள்ளதாகக் காட்டுங்கள்.

நடைமுறையில் என்ன செய்வது? முதலில் பள்ளியோடு பேசுங்கள். அந்தப் பத்துக் கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்து, முதல் ஐந்து முடிந்ததும் நோட்டை மேசைக்குக் கொண்டுவந்து காட்டும்படி ஆசிரியர் சொன்னால், அவனுக்கு எழுந்து நடக்கவும் ஒரு வாய்ப்பு, உடனடியாக ஒரு ‘சரி’யும் கிடைக்கும். ஆசிரியருக்கு அருகில், ஜன்னலிலிருந்து தள்ளி, இடம் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரமோ தனி அறையோ தர விதியில் இடமிருக்கிறதா என்று விசாரியுங்கள். வாசிப்பிலோ எழுத்திலோ கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பது சாதாரணம் என்பதால், அந்தப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில், நீளமான கட்டளைகள் வேண்டாம். ‘குளித்து, சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு வா’ என்பதில் இரண்டாவது சொல்லுக்குப் பிறகு அவன் கேட்பதில்லை என்றால், அவன் காதில் வாங்கவில்லை என்பதைவிட, வாங்கியதை வேலை முடியும் வரை மனத்தில் பிடித்துவைக்க முடியவில்லை என்பதே காரணமாக இருக்கும். காலைப் பணிகளைப் படங்களாக வரைந்து கதவருகே ஒட்டலாம், அதை அவனையே வரையச் சொல்லலாம். விமானம் வரைந்த கை அது. கழியும் நேரம் கண்ணுக்குத் தெரியும் ஒரு டைமர் மேசையில் இருக்கட்டும். பாராட்டும்போது ‘சமர்த்து’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘நான் நினைவூட்டாமலேயே நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய்’ என்று நடந்ததைச் சொல்லுங்கள், அதையும் அப்போதே சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் கையில் எடுங்கள். அதில் சென்ற மாதத்து அவனோடு இந்த மாதத்து அவனை ஒப்பிடுங்கள், அக்காவோடு வேண்டாம். நாளுக்குக் கால் மணி நேரமாவது திருத்தமோ அறிவுரையோ படிப்புப் பேச்சோ இல்லாமல் அவன் விரும்பியதை அவனோடு சேர்ந்து செய்யுங்கள். பல வீடுகளில் முதலில் பறிபோவது இந்தக் கால் மணி நேரம்தான், அதனால் அதைப் பாதுகாக்கச் சொல்வதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இக்குறைபாடு குடும்பங்களில் தொடர்ந்து வருவது. தன் சிறுவயதில் இதன் சாயல் ஏதேனும் இருந்ததா, அல்லது உறவில் ‘உருப்படாதவர்’ என்று பெயரெடுத்த புத்திசாலி யாரேனும் உண்டா என்று அவர் அமைதியாக நினைத்துப் பார்க்கட்டும். அப்படி ஒருவர் நினைவுக்கு வந்தால், அவருக்கு அந்த வயதில் என்ன தேவைப்பட்டிருக்கும் என்பதையும் உங்கள் மகனுக்காக யோசித்துப் பார்க்கட்டும்.

டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

எட்டு வயது மகனுக்கு மெத்தில்ஃபெனிடேட் மருந்தைத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். மருந்துக்கு அடிமையாகிவிடுவான், மந்தமாகிவிடுவான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். மருந்து கொடுத்தால் படிப்பில் முன்னேறிவிடுவானா?

அன்பருக்கு,

இந்த மருந்து 1950களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, குழந்தை மருத்துவத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. மருத்துவர் கண்காணிப்பில், குறித்த அளவில் கொடுக்கும்போது இது பிள்ளையை அடிமையாக்குவதில்லை. பிற்காலத்தில் போதைப் பழக்கத்தைக் கூட்டுவதாகவும் நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, தலைவலி, வயிற்றுவலி ஆகியவை வரலாம். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும். குடும்பத்தில் இதய நோயோ இளவயதில் திடீர் மரணமோ இருந்திருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளை மந்தமாக, களையிழந்து காணப்பட்டால் பெரும்பாலும் அளவோ மருந்தோ பொருந்தவில்லை என்று பொருள். உடனே தெரிவியுங்கள், மாற்றுவதற்கு வழி உண்டு. மாத்திரை பெரியவர்களின் கையில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அமெரிக்காவில் 579 பிள்ளைகளிடம் 14 மாதங்கள் நடத்தப்பட்டு 1999இல் வெளியான பெரிய ஆய்வில், கவனக்குறைவையும் துறுதுறுப்பையும் குறைப்பதில் நன்கு கண்காணிக்கப்பட்ட மருந்துச் சிகிச்சை, நடத்தைப் பயிற்சியை மட்டும் கொடுப்பதைவிட மேலாக இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது பெற்றோர் பிள்ளை உறவு போன்றவற்றில் கூடுதல் நன்மை தெரிந்தது. மருந்தின் அளவும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்திருந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, மருந்து உட்கார வைக்கும், பாடம் அவன் காதில் விழ வழி செய்யும். விட்டுப்போன பாடத்தையும், படிக்கும் முறையையும், நண்பர்களோடு பழகும் விதத்தையும் யாராவது கற்றுக்கொடுத்தாக வேண்டும் என்பதே. மருந்து தொடங்கிய அடுத்த தேர்விலேயே மதிப்பெண் உயரவில்லை என்றால் அவனிடம் ‘மாத்திரை போட்டுமா இப்படி?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். முன்பு சோம்பேறி என்று எண்ணிக்கொண்டிருந்தவன், மருந்தாலும் சரிசெய்ய முடியாதவன் என்று தன்னை எண்ணத் தொடங்குவான். முதல் சில மாதங்களுக்கு, தொடங்கிய வேலையை முடிக்கிறானா, சண்டை குறைந்திருக்கிறதா, பள்ளியிலிருந்து வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்பவற்றை மட்டும் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் அம்மா,

என் மகளுக்குப் பதினைந்து வயது. அமைதியானவள், யாருக்கும் தொந்தரவு தந்ததில்லை. பகல் கனவு காண்பவள் என்றே ஆசிரியர்கள் சொல்லி வந்தார்கள். இப்போதுதான் ஏ.டி.எச்.டி. என்று தெரிந்தது. கேட்டவுடன் ‘அப்போ நான் முட்டாள் இல்லையா அம்மா?’ என்று அழுதாள். பொதுத்தேர்வுக்குப் பிறகு வடிவமைப்புப் படிக்க விரும்புகிறாள். அவள் அப்பாவோ அறிவியல் பாடம்தான் எதிர்காலம் என்கிறார். என்ன செய்வது?

அன்புத் தாய்க்கு,

பெண் பிள்ளைகளிடம் துறுதுறுப்பைவிடக் கவனக்குறைவு முன்னே நிற்பது அதிகம். வகுப்பில் தொந்தரவு தராத பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. அதனால்தான் இத்தனை தாமதம். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, வீட்டிலும் பள்ளியிலும் தெரிந்திருக்க வேண்டும் என்பது கண்டறிதலின் விதி. அப்படியானால் பல ஆண்டுகளாக அவள் மற்றவர்களைவிட இரு மடங்கு முயன்று, பாதி பலனைப் பெற்றுக்கொண்டு, அதற்குத் தன் மூளையைக் குறை சொல்லி வந்திருக்கிறாள். அவள் கேட்டதற்குத் தெளிவான பதில் கொடுங்கள்: ‘நீ முட்டாளாக ஒருநாளும் இருந்ததில்லை, எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.’ இதை அவள் அப்பாவும் தன் வாயால் சொல்ல வேண்டும்.

பாடத்தேர்வில் நான் அவள் பக்கம் நிற்கிறேன். இக்குறைபாடு உள்ளவர்களுக்கு ஆர்வம் என்பது அலங்காரம் இல்லை. கவனத்தை இழுத்துப் பிடித்து வைக்கும் விசையே அதுதான். விருப்பமில்லாத பாடத்தை மனவுறுதியால் மட்டும் ஆண்டுக்கணக்கில் படிப்பது மற்றவர்களுக்கே கடினம், அவளுக்கு அதைவிடப் பன்மடங்கு கடினம். வடிவமைப்பிலும் கெடு தேதியும் சலிப்பூட்டும் பகுதிகளும் உண்டு என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். அவற்றைச் சமாளிக்க என்ன உதவி வேண்டியிருக்கும் என்று இப்போதே சேர்ந்து எழுதிப் பாருங்கள். அவள் அப்பாவுக்கு இன்னும் ஐயம் இருந்தால், விடுமுறையில் அத்துறையில் ஒரு குறுகிய பயிற்சிக்கு அவளை அனுப்பி, அங்கே அவள் எப்படி வேலை செய்கிறாள் என்பதை அவரே நேரில் பார்க்கட்டும்.

தாமதமாகக் கண்டறியப்பட்ட பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். அவள் தூக்கமும் பசியும் எப்படி இருக்கின்றன, தோழிகளை விட்டு விலகுகிறாளா என்று கவனியுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல், தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.